பழைய கேம்பர் வேன்களில் எஞ்சின் மிகைச்சூடு: பழுதறியும் முறைகள் பற்றிய ஒரு மறுபார்வை

கேள்வியும் அதன் எல்லையும்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி என ஒரு சிறு குடித்தனத்தையே சுமந்து செல்லும் பழைய கேம்பர் வேனின் எஞ்சின் ஏன் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்ற கேள்விக்கு, அவ்வகை வண்டிகள் சாலைக்கு வந்த நாளிலிருந்தே பல விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. வடிவமைப்பிலேயே குறை உள்ளது என்பாரும், குளிர்விக்கும் பாதை பழுதடைந்துவிட்டது என்பாரும், எரிபொருள் எரியும் விதத்தில்தான் கோளாறு என்பாரும், சூட்டைக் காட்டும் மானியே பொய் சொல்கிறது என்பாரும் தத்தம் விடைக்குத் தக்க சான்றுகளை வைத்திருக்கின்றனர். இவ்விடைகள் எங்கிருந்து பிறந்தன, எதை விளக்குகின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்குரிய வண்டியாக ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டைப் 2 வேன் இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க்கில் 1950இல் உற்பத்தியாகத் தொடங்கி, 1956 முதல் ஹானோவரில் செய்யப்பட்ட இந்த வேனை, வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1950களின் தொடக்கத்திலிருந்தே தங்கிப் பயணிக்கும் வண்டியாக மாற்றியமைத்து வந்தது. இதன் மூன்று தலைமுறைகளும் எஞ்சினைப் பின்புறத்திலேயே கொண்டிருந்தன. 1967 வரை வந்த முதல் தலைமுறையும் அதன் பின் வந்த இரண்டாம் தலைமுறையும் ஜெர்மானிய உற்பத்தியில் முழுக்கக் காற்றால் குளிர்விக்கப்பட்டவை. 1979இல் வந்த மூன்றாம் தலைமுறையில் 1982ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, ‘வாசர்பாக்ஸர்’ எனப்படும் நீரால் குளிரும் எஞ்சின் இடம்பெற்றது. ஒரே குடும்பத்தில் இரு குளிர்விப்பு முறைகளும் அமைந்திருப்பதால், மிகைச்சூடு பற்றிய கருத்துகளை ஒப்பிட்டு எடைபோட இவ்வண்டி ஏற்றதாகிறது.

வெப்பத்தின் வரவும் செலவும்

பெட்ரோல் எரிவதால் கிடைக்கும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது; எஞ்சியதில் ஒரு பெரும் பங்கு புகையோடு வெளியேற, மற்றொரு பெரும் பங்கு சிலிண்டர் சுவர், சிலிண்டர் ஹெட், எஞ்சின் ஆயில் ஆகியவற்றின் வழியாக அகற்றப்பட வேண்டியதாகிறது. குடும்பத்தின் வரவு செலவைப் போலவே இங்கும் வருகிற வெப்பமும் போகிற வெப்பமும் ஓரிடத்தில் சமனாகின்றன. அந்தச் சமநிலை உலோகமும் ஆயிலும் தாங்கக்கூடிய வெப்பநிலைக்கு மேலே அமையும்போதுதான் மிகைச்சூடு என்கிறோம். ஆகவே கொள்கையளவில் காரணங்கள் மூன்றே: வெப்பம் கூடுதலாக உண்டாகலாம், உண்டான வெப்பம் சரிவர வெளியேறாமல் போகலாம், அல்லது வெப்பநிலை சரியாக இருக்க அளவீடு மட்டும் தவறாக இருக்கலாம். நடைமுறையில் இவை ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதே பழுதறிதலைக் கடினமாக்குகிறது.

முதல் நிலைப்பாடு: வடிவமைப்பே குறை

இக்கருத்து முதலில் எழுந்தது எஞ்சினின் ஆற்றலுக்கும் வண்டியின் உருவத்திற்கும் இருந்த இடைவெளியிலிருந்து. 1950இல் வந்த வேனின் 1131 சிசி எஞ்சின் தந்தது 25 குதிரைத்திறன் மட்டுமே. 1970களின் பிற்பகுதியில் வந்த 2.0 லிட்டர் எஞ்சின்கூட 70 குதிரைத்திறன் அளவிலேயே நின்றது. தட்டையான முகப்பும் உயர்ந்த கூரையும் கொண்ட வண்டியில் காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்வதால், மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்குப் போகும்போது அந்தத் திறன் ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது. சிறு காருக்கென உருவான எஞ்சின் இந்தச் சுமையை நெடுநேரம் இழுப்பதே சூட்டுக்குக் காரணம் என்பது இத்தரப்பின் வாதம்.

இவர்கள் காட்டும் வலுவான சான்று மூன்றாம் சிலிண்டரின் கதை. சிறு காருக்கென உருவான, டைப் 1 எனப்படும் பழைய வகை எஞ்சினில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள், மூன்றாம் சிலிண்டருக்குக் காற்று செல்லும் வழியிலேயே நின்றதால், அந்தச் சிலிண்டருக்கு ஏற்கெனவே சூடான காற்றே போய்ச் சேர்ந்தது. அதன் எக்ஸாஸ்ட் வால்வு மற்றவற்றைவிட முன்னதாகக் கருகுவதை மெக்கானிக்குகள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். நிறுவனமும் 1970களின் தொடக்கத்தில் ஆயில் கூலரைத் தனிக் கூட்டில் தள்ளிவைத்து, அதைக் கடந்த காற்று சிலிண்டர்கள் பக்கம் வராமல் வெளியேறும்படி மாற்றியமைத்தது. வடிவமைப்பில் திருத்த வேண்டியது ஒன்று இருந்தது என்பதற்கு இம்மாற்றமே சாட்சி.

ஆயினும் இந்நிலைப்பாடு ஓர் அடிப்படைக் கேள்விக்கு விடை தருவதில்லை. பல ஆண்டுகள் அதே மலைப்பாதையில் சூடேறாமல் ஓடிய வண்டி இப்போது மட்டும் ஏன் சூடேறுகிறது என்பதை, மாறாத வடிவமைப்பைக் காட்டி விளக்க முடியாது. பிரேசிலில் 2005ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே கோம்பி எனப்படும் இதே வேனுக்கு நீரால் குளிரும் 1.4 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டதைச் சிலர் இவ்வாதத்துக்குத் துணையாகக் காட்டுவதுண்டு. ஆனால் அம்மாற்றத்தை முதன்மையாகத் தூண்டியவை புகைக் கட்டுப்பாட்டு விதிகளே என்பதால் அச்சான்று வலுவிழக்கிறது. வடிவமைப்பு வண்டிக்கு எவ்வளவு குறுகிய பாதுகாப்பு இடைவெளியைத் தந்தது என்பதை இந்தத் தரப்பு சரியாகச் சொல்கிறது. அந்த இடைவெளி எதனால் தீர்ந்துபோனது என்பதைச் சொல்லவில்லை.

இரண்டாம் நிலைப்பாடு: குளிர்விக்கும் பாதையின் சிதைவு

பெரும்பாலான மெக்கானிக்குகள் இத்தரப்பைச் சேர்ந்தவர்கள். காற்றால் குளிரும் எஞ்சினில் ‘குளிர்விக்கும் பாதை’ என்பது விசிறி மட்டுமன்று. காற்றைச் சிலிண்டர்களின் துடுப்பு போன்ற தகடுகளுக்கு இடையே செலுத்தும் தகரக் கூடு, சிலிண்டர்களுக்கு அடியில் காற்றைத் திருப்பும் சிறு தகடுகள், எஞ்சின் அறையைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டை ஆகிய எல்லாமும் அதன் உறுப்புகளே. ரப்பர் பட்டை எஞ்சினின் மேற்பகுதியைச் சூடான அடிப்பகுதியிலிருந்து பிரிக்கிறது. அது கிழிந்தோ காணாமற்போயோ இருந்தால், சைலன்சரைச் சுற்றிச் சூடான காற்று மேலேறி மீண்டும் விசிறிக்குள் இழுக்கப்படுகிறது. எஞ்சினைப் பிரித்துக் கோத்தவர்கள் சிலிண்டர்களுக்கு அடியிலுள்ள திருப்புத் தகடுகளைத் தேவையற்றவை என்று கருதி விட்டுவிடுவதும், நெடுநாள் நிறுத்திவைத்த வண்டியின் விசிறிக் கூட்டுக்குள் எலிகள் கட்டிய கூடு காற்றை அடைப்பதும், ஆயில் கசிவில் படிந்த தூசி தகடுகளின் இடுக்குகளை நிரப்புவதும் வெளியே தெரியாத காரணங்கள். புதிதாக வாங்கிய மாற்றுச் சிலிண்டர் ஹெட்டில்கூட, வார்க்கும்போது பிதுங்கிய உலோகப் படலம் தகடுகளின் இடையை மூடியிருக்கக்கூடும். ஒளியை ஒருபுறம் காட்டி மறுபுறம் தெரிகிறதா என்று பார்த்து, இல்லாவிடில் அரத்தால் தேய்த்து அகற்றுவது அனுபவமுள்ளோர் வழக்கம்.

இங்கே இரு வகைக் காற்றுக் குளிர்விப்பு எஞ்சின்களுக்கும் உள்ள வேறுபாடு பழுதறிதலுக்கு முக்கியமானது. டைப் 1 எஞ்சினில் விசிறியும் டைனமோவும் ஒரே தண்டில் ஒரே பெல்ட்டால் சுழல்வதால், பெல்ட் அறுந்தால் சார்ஜ் விளக்கு எரிவதோடு குளிர்விப்பும் அக்கணமே நின்றுவிடும். அந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டுவது எஞ்சினை இழப்பதற்கு ஒப்பாகும். 1970களில் இவ்வேனுக்கு வந்த பெரிய டைப் 4 எஞ்சினில் விசிறி கிராங்க் தண்டின் முனையிலேயே பொருத்தப்பட்டிருப்பதால், பெல்ட் அறுந்தாலும் மின்னூட்டம் மட்டுமே நிற்கும். ஒரே எச்சரிக்கை விளக்கு இரண்டிலும் இருவேறு பொருள் தருகிறது.

நீரால் குளிரும் மூன்றாம் தலைமுறையில் பாதை வேறுவிதமாக நீள்கிறது. எஞ்சின் பின்னேயும் ரேடியேட்டர் முன்னேயும் இருப்பதால், கூலன்ட் எனப்படும் குளிர்விப்புத் திரவம் வண்டியின் அடியில் ஓடும் நீண்ட குழாய்கள் வழியே போய்வருகிறது. முழுக் கொள்ளளவு 16 லிட்டருக்கும் மேல். இவ்வளவு நீண்ட பாதையில் எங்கேனும் காற்று சிக்கினால் திரவத்தின் ஓட்டம் தடைப்படுகிறது. ஆகவே கூலன்ட் மாற்றிய ஒவ்வொரு முறையும், வண்டியின் முன்பகுதியைச் சற்று உயர்த்தி, ரேடியேட்டரின் உச்சியிலுள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு, சீறலும் குமிழியுமாக வருவது நின்று திரவம் மட்டும் சீராக வடியும்வரை காத்திருந்து திருகை மூட வேண்டும். இந்த ஒரு வேலையை அரைகுறையாகச் செய்ததாலேயே, நல்ல நிலையிலிருந்த வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் வீணாக மாற்றப்படுவதுண்டு.

அழுத்த மூடியும் இதே அளவு கவனிக்கத் தக்கது. வளிமண்டல அழுத்தத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் நீர், அதற்கு மேல் 1 பார் அழுத்தம் கூடும்போது ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கிறது. மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். எஞ்சினில் வேறு குறை ஏதுமின்றியே கூலன்ட் கொதித்து வழியலாம்.

இந்நிலைப்பாட்டின் குறை அதன் முறையில் இருக்கிறது. பாதையின் உறுப்புகள் பல என்பதால், அளந்து பார்க்காமல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போவது எளிதாகிறது. கடைசியாக மாற்றிய பாகத்தின் பின் சூடு குறைந்தால், குற்றவாளி அதுவே என்ற முடிவும் எளிதாக எட்டப்படுகிறது. வானிலை, சுமை, வேகம் ஆகியவை மாறியிருக்கலாம் என்பது கணக்கில் வருவதில்லை.

மூன்றாம் நிலைப்பாடு: எரிதலில் கோளாறு

குளிர்விக்கும் பாதை முழுமையாக இருந்தும் சூடேறும் வண்டிகளைக் கண்டவர்கள் எரிதலின் பக்கம் திரும்பினர். ஸ்பார்க் பிளக் எப்போது பொறி விடுகிறது என்பதைக் குறிக்கும் இக்னிஷன் டைமிங் இதில் முதன்மையானது. பொறி உரிய நேரத்துக்கு மிக முன்னதாக வந்தால் சிலிண்டருக்குள் அழுத்தமும் வெப்பநிலையும் உயர்ந்து, எரிகலவை வெடித்துத் தட்டும் ‘நாக்கிங்’ உண்டாகிறது. மிகப் பிந்தினால் எரிதல் நீண்டு, எக்ஸாஸ்ட் வால்வும் புகைவழியும் கூடுதலாகச் சூடாகின்றன. இரு பக்கத் தவறும் சூட்டில் முடிவதால், டைமிங்கைக் காதால் கேட்டுச் சரிசெய்யும் வழக்கத்தை நம்ப முடியாது. முழு முன்னேற்றத்தில் டைமிங் விளக்கு கொண்டு அளப்பதே சான்றாகும்.

எரிகலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் சூடாகும் என்பதும் இத்தரப்பின் பரவலான கருத்து. இது பாதி உண்மை என்று கொள்வதே பொருந்தும். காற்றால் குளிரும் எஞ்சின்கள் பொதுவாகச் சற்றுப் பெட்ரோல் மிகுந்த கலவையில் ஓடும்படி அமைக்கப்படுகின்றன. அந்த மிகுதியும் ஓரளவு குளிர்ச்சிக்குத் துணை நிற்கிறது. இன்டேக் குழாயின் இணைப்பில் கசிந்து நுழையும் காற்று கலவையை மெலியச் செய்யும்போது, அது அதிக வெப்பம் தரும் விகிதத்தை நெருங்குகிறது. அந்த விகிதத்தைக் கடந்து மேலும் மெலிந்தால் வெப்பநிலை மீண்டும் குறையத் தொடங்குகிறது என்றாலும், அதற்குள் எஞ்சின் தடுமாறத் தொடங்கிவிடும். ஆகவே கார்புரேட்டரின் ஜெட்டைப் பெரிதாக்குவதே எல்லாச் சூட்டுக்கும் மருந்து என்ற முடிவுக்கு இடமில்லை. முதலில் காற்றுக் கசிவைத் தேட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

இத்துறையில் மிக நீண்ட காலம் நடந்துவரும் வழக்கு இது. வெப்பநிலை உயரும்வரை குளிர்விப்பைத் தடுத்துவைக்கும் தெர்மோஸ்டாட்டை வெப்பப் பகுதிகளில் கழற்றி எறிந்துவிடலாம் என்பது ஒரு தரப்பு. கழற்றினால் திரவம் ரேடியேட்டரில் தங்க நேரமின்றி விரைந்தோடுவதால் சூடு கூடும் என்பது மறு தரப்பு. இரண்டாம் தரப்பு சொல்லும் காரணம் வெப்பவியலோடு பொருந்தவில்லை. சுற்றில் ஓடும் திரவம் விரைவாக ஓடினால் மொத்த வெப்பக் கடத்தல் கூடுமேயன்றிக் குறையாது. எனினும் அவர்கள் எட்டிய முடிவு பல வண்டிகளில் வேறு காரணங்களால் சரியாகவே அமைகிறது. இரட்டை வால்வு கொண்ட தெர்மோஸ்டாட் சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறப்பதோடு, திரவம் ரேடியேட்டரைத் தொடாமல் திரும்பும் குறுக்கு வழியை மூடுகிறது. அதைக் கழற்றினால் அக்குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். காற்றால் குளிரும் டைப் 1 எஞ்சினிலோ, தெர்மோஸ்டாட் பழுதானால் காற்றுவழி திறந்த நிலையில் நிற்கும்படியே அமைக்கப்பட்டிருப்பதால், அது மிகைச்சூட்டின் காரணமாக இருப்பது அரிது. அதைக் கழற்றுவதால் கிடைக்கும் பயனும் குறைவு, எஞ்சின் மெதுவாகச் சூடேறித் தேய்மானம் கூடுவது மட்டுமே மிச்சம்.

ஹெட் கேஸ்கெட்: காரணமா, விளைவா?

வாசர்பாக்ஸர் எஞ்சினுக்கு வாய்த்த கெட்ட பெயரில் பெரும் பங்கு சிலிண்டர் ஹெட் கசிவால் வந்தது. இதில் எரியறையை அடைக்கும் வளையங்கள் வேறு, நீர் உறையின் வெளி விளிம்பை அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் வேறு. ரப்பர் கேஸ்கெட் அமரும் அலுமினியப் பரப்பு அரித்துப் போவதால் கூலன்ட் வெளியே கசிகிறது. அரிப்புக்குப் பொருந்தாத கூலன்ட் வேதிப்பொருள்கள் காரணமாகச் சுட்டப்படுகின்றன. நிறுவனமும் பாஸ்பேட் கலவாத கூலன்ட்டையே வலியுறுத்தியது. வெளிக் கசிவு கூலன்ட்டைக் குறைத்து, அதன் வழியாகச் சூட்டை உண்டாக்குகிறது. ஆனால் எரியறை வளையம் தவறினால் எரிந்த வாயுவே கூலன்ட்டுக்குள் புகுந்து பாதையில் காற்றுத் தடையாகிறது. வேறு காரணத்தால் ஒருமுறை சூடேறி ஹெட் கோணியதால் வளையம் தவறியிருக்கவும் கூடும் என்பதால், காரணத்தையும் விளைவையும் பிரிப்பது கடினம்.

இரண்டையும் வேறுபடுத்த எளிய சோதனை உண்டு. கூலன்ட் தொட்டியின் வாயில் பிடித்த குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, தொட்டியின் மேற்பரப்பிலுள்ள காற்றை அதன் வழியே இழுக்கும்போது, அதில் எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு இருந்தால் நீலம் மஞ்சளாக மாறுகிறது. நிறம் மாறாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே போனால், அழுத்தம் ஏற்றி வெளிக் கசிவைத் தேடுவதே முறை.

நான்காம் நிலைப்பாடு: அளவீட்டின் நம்பகம்

காற்றால் குளிரும் வேன்களில் நிறுவனம் வெப்பமானியே வைக்கவில்லை. உரிமையாளர்கள் பின்னாளில் பொருத்திய மானிகளில் ஒருவகை ஆயிலின் வெப்பத்தையும் மற்றொருவகை ஸ்பார்க் பிளக்குக்கு அடியில் வளையமாக அமர்ந்து ஹெட்டின் வெப்பத்தையும் அளக்கின்றன. ஆயிலுக்கு 80 முதல் 110 டிகிரி வரை இயல்பென்றும் 120 டிகிரியைத் தாண்டினால் கவலைக்குரியதென்றும் பரவலாகக் கொள்ளப்படுகிறது. ஆயில் மெல்ல மாறுவதால் நேற்றைய நிலையைச் சொல்லுமே தவிர அக்கணத்தைச் சொல்லாது. ஹெட் மானி அக்கணத்தைக் காட்டினாலும், மலிவான வகைகள் சுற்றுப்புற வெப்பத்தை ஈடுசெய்யாததால் கோடையிலும் குளிரிலும் வெவ்வேறாகப் பிழை காட்டுகின்றன.

மூன்றாம் தலைமுறையின் மானி மற்றொரு வகைச் சிக்கலைத் தருகிறது. அதிலுள்ள சிவப்பு விளக்கு வெப்பம் மிகுந்தாலும் மினுக்கும், கூலன்ட் மட்டம் குறைந்தாலும் மினுக்கும். ஊசி நடுவில் நிற்க விளக்கு மட்டும் மினுக்கினால், மட்டத்தையோ அதை உணரும் மின்சுற்றையோதான் முதலில் ஐயுற வேண்டும். வெப்பமானியும் பெட்ரோல் மானியும் ஒரே மின்னழுத்தச் சீராக்கியிலிருந்து மின்சாரம் பெறுவதால், இரண்டு ஊசிகளும் சேர்ந்து உயர்ந்தால் குறை எஞ்சினில் இல்லாமல் சீராக்கியிலோ எர்த் இணைப்பிலோ இருக்க வாய்ப்பு மிகுதி. அகச்சிவப்பு வெப்பமானியும் பளபளப்பான உலோகத்தின் மீது பிடித்தால் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கருப்பு வண்ணம் பூசிய ஓரிடத்தில் அளப்பதே நம்பத் தக்கது.

சூழ்நிலையிலிருந்து தொடங்கும் முறை

மேற்கண்ட நிலைப்பாடுகளை எதிரெதிராக வைக்காமல், சூடு எப்போது ஏறுகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவோரும் உள்ளனர். நீரால் குளிரும் வண்டி நிற்கும்போது சூடேறி ஓடும்போது ஆறினால், ரேடியேட்டர் விசிறியும் அதை இயக்கும் வெப்ப சுவிட்சும் ஐயத்துக்குரியன. நிற்கும்போது சரியாக இருந்து நெடுஞ்சாலையில் சூடேறினால், ரேடியேட்டர் அடைப்பு, உள்ளே உரிந்த ஹோஸ், தேய்ந்த பம்ப் என ஓட்டத்தின் குறை வெளிப்படுகிறது. மானி உயர்ந்திருக்க ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், கூலன்ட் குறைவோ சிக்கிய காற்றோ காரணமாகலாம். எஞ்சினை நிறுத்திய சில நிமிடங்களில் ஊசி சற்று ஏறுவது, ஓட்டம் நின்ற திரவத்தில் உலோகத்தின் சூடு இறங்குவதால் நேர்வது. அது பெரும்பாலும் பழுதன்று.

காற்றால் குளிரும் வண்டியில் விசிறியின் வேகம் எஞ்சின் வேகத்தோடு கட்டுண்டது. உயர்ந்த கியரில் குறைந்த வேகத்தில் எஞ்சினைத் திணறவிட்டு மலையேறும்போது, வெப்ப உற்பத்தி உச்சத்திலும் காற்றோட்டம் தாழ்விலும் இருக்கும். கியரைக் குறைத்ததும் சூடு தணிந்தால், பழுதைத் தேடுமுன் ஓட்டும் முறையைக் கருத வேண்டும். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி 1000 மீட்டருக்கு ஏறக்குறைய 10 விழுக்காடு குறைவதும் இக்கணக்கில் சேரும்.

இம்முறையின் வலிமை, ஒரு பாகத்தையும் கழற்றாமல் காரணங்களின் பட்டியலைக் குறுக்குவதில் இருக்கிறது. அதன் வலுவின்மையும் வெளிப்படையானது: ஒரு வேளையில் ஒரு குறை மட்டுமே இருக்கிறது என்று அது மறைமுகமாகக் கருதிக்கொள்கிறது. நாற்பது ஐம்பது ஆண்டு ஓடிய வண்டியில் அக்கருதுகோள் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

மதிப்பீடு

தொகுத்து நோக்கும்போது, நான்கு நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று மறுப்பதைவிட, ஒரே வெப்பக் கணக்கின் வெவ்வேறு உறுப்புகளைப் பேசுகின்றன என்று கொள்வதே பொருத்தமாகத் தெரிகிறது. வடிவமைப்பு குறுகிய இடைவெளியைத் தந்தது. கிழிந்த ரப்பர் பட்டை, பாதி அடைத்த ரேடியேட்டர், சற்றே பிசகிய டைமிங், தளர்ந்த மூடி ஆகியவை ஒவ்வொன்றும் அதில் சிறிது சிறிதாகத் தின்றன. தனித்தனியே எதுவும் வண்டியைச் சூடேற்றப் போதாமல், கூட்டாகப் போதுமானதாகிவிடும்போது, ‘குற்றவாளி எது’ என்ற கேள்வியே தவறாகக் கேட்கப்பட்டதாகிறது. இந்த விவாதம் முடிவின்றி நீள்வதற்கும் இதுவே முதன்மைக் காரணம் எனலாம். ஆகவே அளவீட்டின் உண்மையை முதலில் உறுதிசெய்து, சூழ்நிலையால் பட்டியலைக் குறுக்கி, எளிய சோதனைகளால் சரிபார்த்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒத்த சுமையிலும் வானிலையிலும் மீண்டும் அளப்பதே இன்றைக்குத் தற்காத்து நிற்கக்கூடிய வழிமுறை.

திறந்தே கிடக்கும் கேள்விகளும் உள்ளன. காற்றால் குளிரும் எஞ்சினின் ஹெட் எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் நின்றால் நிலையான சேதம் உண்டாகும் என்பதில் ஒருமித்த எல்லை இல்லை. பலர் 200 டிகிரியை ஒட்டிய அளவை எச்சரிக்கை எல்லையாகக் கொண்டாலும், அளக்கும் இடமும் கருவியும் மாறும்போது அந்த எண்ணின் பொருளும் மாறுகிறது. பழைய எஞ்சின்கள் எழுந்த காலத்துப் பெட்ரோலுக்கும் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் உள்ள வேறுபாடு கலவை விகிதத்தை எவ்வளவு மெலியச் செய்கிறது என்பதும், கூடுதலாகப் பொருத்தும் ஆயில் கூலர் மூலக்காரணத்தைத் தீர்க்கிறதா அல்லது அதன் அறிகுறியை மறைக்கிறதா என்பதும் வண்டிக்கு வண்டி வேறுபடும் விடைகளையே பெற்றுள்ளன. சிறு குறைகள் பல கூடும்போது ஒவ்வொன்றின் பங்கையும் பிரித்தளப்பதற்கு, ஒரே வண்டியில் நெடுங்காலம் ஒழுங்காகப் பதிவுசெய்த அளவீடுகள் தேவை. அத்தகைய பதிவுகள் பெருகும்வரை, எந்த ஒரு பாகத்தையும் பொதுக் காரணமாக அறிவிக்கும் முடிவுகளைத் தற்காலிகமானவையாகவே கொள்வது தகும்.